குழந்தையோடு வளரும் சர்க்கரைகள்

ஆலத்தியூர்ப் பக்கத்துச் சாலைகளில் பயணம் செய்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் அவை எழுப்பும் வெண்புழுதியும் பழகிப்போனவை. அத்தகைய லாரி ஒன்றை ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் ஒருவர், தம் முதற்குழந்தையின் திருமுழுக்கிற்கு என்னிடம் நாள் குறித்துச் சென்றார். குறித்த நாளில் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வெளியூர் லோடு கிடைத்திருக்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். இரண்டரை ஆண்டுகள் சென்றபின், ஒரு நாள் மாலைச் செபம் முடிந்து கோயில் கதவை அடைக்கும் வேளையில், அவருடைய மாமியார் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, புள்ளைக்கு ரத்தம் 'ஓ'ன்னு பொறந்தப்பவே சீட்டுல எழுதியிருக்காங்க. மாப்பிள்ளைக்கு 'ஏபி'யாம். ஏபிக்கு ஓ பொறக்கவே பொறக்காதுன்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. எம் பொண்ணு தாய் வீட்டுலயே கெடக்குது."

நடந்தது இதுதான். இரத்ததான முகாம் ஒன்றில் அவ்விளைஞர் தம் இரத்த வகை 'ஏபி' என்று அறிந்தார். மனைவிக்கு 'ஓ' என்பது பேறுகாலச் சீட்டிலேயே இருந்தது. தந்தை ஏபி, தாய் ஓ என்றால் பிள்ளை ஏ வகையாகவோ பி வகையாகவோ இருக்கவேண்டும். ஓ வகை வர வழியில்லை. இது பள்ளிப் பாடநூலிலேயே உள்ள கணக்கு. உடன் ஓட்டும் நண்பர் ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். கணக்கில் பிழையில்லை என்பதே இதிலுள்ள துயரம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய ஓரெழுத்து, ஒரு பெண்ணின் கற்பின்மீது கறையாகப் படிந்துவிட்டது. அவளோ பேசுவதை நிறுத்திவிட்டாள்.

குருமடத்தில் தத்துவமும் இலத்தீனும் படித்த எனக்கு வேதியியல் தூரத்து உறவு. ஆகையால் திருச்சியில் இரத்த வங்கிப் பணியில் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். அவர் முதலில் கேட்ட கேள்வி என்னை வியப்பில் ஆழ்த்தியது: "சாமி, அந்தப் பரிசோதனை எப்போது செய்தது? பிறந்த அன்றா? அப்படியானால் அதை முடிந்த முடிவாக ஏன் எடுத்துக்கொண்டார்கள்?" அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவர் எனக்குச் சொன்னவையும், பின்னர் நான் தேடிப் படித்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

இரத்தத்தில் வகைகள் உண்டென்பதை வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பார் 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஏ என்பதும் பி என்பதும் எந்தப் பொருளின் பெயர்? அவை சர்க்கரைகள். இதை இலண்டனில் மார்கன், வாட்கின்ஸ் என்னும் இருவர் பின்னாளில் தெளிவாக்கினர். நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றின் மேலும், பலாப்பழத்தின் முள்ளைப்போல், சர்க்கரைகளால் ஆன சங்கிலிகள் நிரம்பி நிற்கின்றன. அவற்றுட் பல, புரதங்களில் பிணைந்தவை. நாம் தேநீரில் கரைக்கும் சீனி இதுவன்று. காலக்டோஸ், ஃபூக்கோஸ், மானோஸ், சியாலிக் அமிலம் என்னும் பல சிறு சர்க்கரைகளை மணிமாலைபோல் கோத்த கோவைகள் இவை. (மானோஸ் என்னும் பெயரின் வேர், பாலைநிலத்தில் இஸ்ரயேலர் உண்ட 'மன்னா' என்னும் சொல்லே என்பதை அறிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.)

சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் ஃபூக்கோஸ் மட்டும் இருந்தால் அது ஓ வகை. அதனருகே காலக்டோஸின் உறவான ஒரு சர்க்கரை சேர்ந்தால் ஏ வகை. காலக்டோஸே சேர்ந்தால் பி வகை. வேறுபாடு ஒரே ஒரு மணியில்தான். அந்த ஒரு மணி மாறினால், தவறாக ஏற்றிய இரத்தம் உயிரையே பறித்துவிடும்.

நம் உடலின் புரதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இத்தகைய சர்க்கரைக் கோவைகளைத் தாங்கியவை என்கின்றனர். புரதத்தைக் கடிதம் என்று கொண்டால், சர்க்கரை அதன் உறைமேல் எழுதிய விலாசம். எங்கே செல்வது, யாரிடம் ஒட்டுவது, எத்தனை நாள் உலவுவது என்பனவற்றையெல்லாம் பெரும்பாலும் விலாசமே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் ஆஷ்வெல், மோரெல் என்னும் இருவர், இரத்தத்தில் நெடுநாள் உலவும் ஒரு புரதத்தின் சர்க்கரைக் கோவை நுனியிலிருந்து சியாலிக் அமிலத்தை மட்டும் நீக்கிவிட்டு முயலின் உடலுக்குள் செலுத்திப் பார்த்தனர். சில நிமிடங்களுக்குள் கல்லீரல் அதைப் பிடித்து விழுங்கிவிட்டது. புரதம் அதேதான், நுனி முத்திரை போயிற்று, அவ்வளவே.

இனிதான் நம் கதைக்கு வேண்டிய செய்தி வருகிறது. இந்த விலாசம் பிறக்கும்போதே முழுமையாக எழுதப்படுவதில்லை.

ஒருவனுக்குரிய மரபணுக்கள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. அவை பின்னர் மாறுவதில்லை. ஆனால் சர்க்கரைகளைக் கோக்கும் வேலையைச் செய்பவை நொதிகள். எந்த நொதி எந்த உறுப்பில் எப்போது வேலைக்கு வரும் என்பதில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக் கால அட்டவணை உண்டு. பிறந்த குழந்தையின் சிவப்பணுவில் சர்க்கரைச் சங்கிலிகள் கிளையில்லாத பனைமரம்போல் நேராக நிற்கின்றன. கிளை பிரிக்கும் நொதி மெல்ல மெல்லவே சுறுசுறுப்படைகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில்தான் சங்கிலிகள் ஆலமரமாகக் கிளைக்கின்றன. கிளை குறைந்தால் நுனியும் குறையும். நுனி குறைந்தால் ஏ அல்லது பி மணியைக் கோக்க இடமும் குறையும். ஏ வகையைச் சேர்ந்த பெரியவரின் சிவப்பணு ஒன்றில் அத்தகைய நுனிகள் எட்டு, பத்து இலட்சம் என்றால், பிறந்த குழந்தையிடம் அதில் மூன்றிலொரு பங்களவே இருக்கும். முழு அளவை எட்ட இரண்டு முதல் நான்கு வயது ஆகிவிடும்.

ஏ வகையிலேயே ஏ-1, ஏ-2 என இரு பிரிவுகள் உண்டு. ஏ-2 பிரிவினருக்குப் பெரியவர்களான பின்னும் நுனிகள் குறைவே. பிறந்த அன்று அதனினும் குறைவு. சோதனைத் தட்டில் இரத்தம் திரள்வதைக் கண்ணால் பார்த்தே வகை சொல்கிறார்கள். திரட்சி மங்கலாயிருந்தால் கவனம் தப்பக்கூடும். பெரியவர்களுக்கானால் இன்னொரு சோதனையும் செய்து ஒத்துப் பார்ப்பார்கள். இரத்த நீரில் எந்த எதிர்ப்பொருள் உள்ளதென்று காண்பது அது. பச்சிளங்குழந்தைக்கு அந்த எதிர்ப்பொருள்கள் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை சென்றபின்பே சொந்தமாக உண்டாகின்றன. எனவே அந்த ஒத்துப்பார்த்தலுக்கும் வழியில்லை. நல்ல மருந்துகொண்டு கவனமாகச் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே சரியான விடை கிடைத்துவிடும் என்பதையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். ஆயினும் அந்த விடையை ஒன்றிரண்டு வயதுக்குமேல் மீண்டும் சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதே முறை. சீட்டைக் கையில் கொடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதே பல வீடுகளில் நேரும் குறை.

ஏ-1, ஏ-2 இரண்டையும் பிரித்தறிய உதவும் பொருள் எது தெரியுமா? நம் மானாவாரிக் காடுகளில் விளையும் கொள்ளு! கொள்ளுப் பயறின் சாற்றிலுள்ள ஒரு புரதம் ஏ-1 சிவப்பணுக்களைத் தேடிப் பிடித்துத் திரளச் செய்கிறது. ஏ-2 அணுக்களை விட்டுவிடுகிறது. இதனைப் பேர்டு என்னும் மருத்துவர் 1951-இல் நம் நாட்டின் 'கரண்ட் சயின்ஸ்' ஏட்டில் வெளியிட்டார். இன்றும் இரத்த வங்கிகளில் கொள்ளுச் சாறு குப்பிகளில் இருக்கிறது. பலாக்கொட்டையிலும் வேர்க்கடலையிலும் இவ்வாறே தத்தமக்குரிய சர்க்கரையை அறிந்து பற்றும் புரதங்கள் உண்டு. மாட்டுக்கு வைக்கும் கொள்ளு மனிதரின் இரத்தத்தைப் படிக்க உதவுகிறதென்பது எனக்குச் செரிக்கவே சிறிது நேரமாயிற்று.

மருத்துவர் வேறொரு வாய்ப்பையும் ஒதுக்கிவிடவில்லை. பம்பாய் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1952-இல் 'லான்செட்' ஏட்டில் ஓர் அரிய இரத்த வகையை அறிவித்தனர். நுனியிலுள்ள ஃபூக்கோஸே இல்லாத வகை அது. அடிமணி இல்லையென்றால் ஏ மணியும் பி மணியும் கோக்க முடியாது. ஆகவே மரபணுவில் ஏ இருந்தாலும் சோதனையில் ஓ போலவே தோன்றும். 'பம்பாய் வகை' என்று உலகமே அதை அழைக்கிறது. நம் நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் இவ்வகையினர் என்பர். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது தோன்றும் வாய்ப்பு மிகுதி. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களுக்குத் திருச்சபை தனி அனுமதி கேட்பதை வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்வோர் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மருத்துவரின் சொற்படி தாய், தந்தை, குழந்தை மூவரும் மீண்டும் சோதித்துக்கொண்டனர். தந்தையை இணங்க வைக்கவே மூன்று முறை நான் நடக்கவேண்டியதாயிற்று. குழந்தையின் இரத்தம் ஏ வகை என்று வந்தது. கொள்ளுச் சாற்றில் திரளவில்லை, எனவே ஏ-2. தந்தையினுடையதும் ஏ-2 பி. முதல் சீட்டில் ஓ வந்தது மங்கலான திரட்சியைக் காணத் தவறியதாலா, எழுதியவரின் கைப்பிழையாலா என்பதை இனி யாரும் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். இரத்த வகை பொருந்துவதால் மட்டும் தந்தை யாரென்று நிறுவப்பட்டுவிடாது. நீங்கள் கொண்ட ஐயத்திற்கு ஆதாரம் இல்லை என்பதுமட்டுமே இதனால் தெளிவாகும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அந்த இளைஞர் மருத்துவமனை வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவர் மனைவி அப்போதும் ஒன்றும் பேசவில்லை. இரண்டரை ஆண்டுக் காயம் ஒரு சீட்டினால் ஆறிவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இரத்தத்தோடு இந்த வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. மூளையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் காலத்தில் நரம்பணுக்களின் மேல் சியாலிக் அமிலம் நீண்ட தொடராகப் படர்ந்திருக்கிறது. அணுக்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிவிடாமல், நகர்ந்தும் நீண்டும் தம் இடத்தைத் தேடிக்கொள்ள அது வழுவழுப்பைத் தருகிறது. இணைப்புகள் உறுதிப்படும் பருவத்தில் அத்தொடர் விரைவாகக் குறைந்துவிடுகிறது. நினைவாற்றலோடு தொடர்புடைய சில பகுதிகளில் மட்டும் வாழ்நாள் முழுதும் சிறிது எஞ்சி நிற்கிறது. குடலின் கதை வேறு. எலிக்குட்டிகளை ஆராய்ந்தபோது, பால்குடிப் பருவத்தில் குடற்சுவரின் சங்கிலி நுனிகளில் சியாலிக் அமிலம் மிகுந்திருந்தது. பால் மறந்து இரை தின்னத் தொடங்கியதும் அதன் இடத்தை ஃபூக்கோஸ் பிடித்துக்கொண்டது. ஒரே உடல், ஒரே மரபணுத் தொகுதி. ஆயினும் ஒவ்வோர் உறுப்பும் தன் வேளை பார்த்தே உடை மாற்றுகிறது.

குடலில் நேரும் இந்த மாற்றம் நம் தமிழ்நாட்டுத் தொட்டில்களோடு நேராகத் தொடர்புடையது. அந்த ஆராய்ச்சி நடந்தது நம் வேலூரில்.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசை, மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் உடன் பணியாற்றியவர்களும் 1973-இல் கண்டறிந்தனர். மின்னணு நுண்ணோக்கியில் சக்கரம்போல் தெரிந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'ரோட்டா' என்பதே பின்னர் அதற்குப் பெயராயிற்று. உரோமையில் திருமண வழக்குகளை விசாரிக்கும் நம் திருச்சபை நீதிமன்றத்திற்கும் அதே பெயர்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பிறந்து சில நாட்களே ஆன பச்சிளங்குழந்தைகளிடம் இவ்வைரசின் ஒரு தனி இனம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. பெரிய குழந்தைகளை அவ்வளவாகத் தீண்டாத அந்த இனம், பிறந்த சிசுக்களை மட்டும் ஏன் நாடுகிறது?

மருத்துவர் ககன்தீப் காங் குழுவினரும், வேலூரில் ஆய்வு பயின்று பின் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குச் சென்ற சசிரேகா இரமணியும், அங்குள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியின் மேரி எஸ்டெஸ் அம்மையாரும் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். 2013-இல் விடை வெளியாயிற்று. அந்த வைரசின் முள்முனை, ஃபூக்கோஸ் முதலிய மணிகள் இன்னும் கோக்கப்படாத வெறும் அடிச்சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது. பிறந்த சிசுவின் குடலில் அத்தகைய மொட்டைச் சங்கிலிகளே மிகுதி. குழந்தை வளர வளர நுனிகளில் வேறு சர்க்கரைகள் ஏறி, வைரசு பற்றும் பிடியை மூடிவிடுகின்றன. பூட்டு மாறிவிட, பழைய சாவி பயனற்றுப் போகிறது.

இதே குடும்பப் பிடிமுனை கொண்ட மற்றோர் இனம் தில்லியில் கிடைத்தது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பிறந்த சிசுக்களிடம் 1980-களின் நடுவில் அதைக் கண்ட மருத்துவர் மகராஜ் கிஷன் பான், அது தொற்றிய குழந்தைகள் நோயுறாமலே வளர்வதையும், பின்னாளில் கடும் வயிற்றுப்போக்கிலிருந்து பெரிதும் காக்கப்படுவதையும் கவனித்தார். அந்த இனத்திலிருந்தே 'ரோட்டாவாக்' என்னும் சொட்டு மருந்து பிறந்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. கடும் ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்குச் சற்று மேல் தடுக்கப்பட்டது. முழுக்காப்பு இல்லைதான். ஆனால் ஏழை வீட்டுத் தொட்டில்களில் பாதி என்பது சிறிய எண்ணன்று. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிற்கு 2017-இல் வந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் கட்டணமின்றி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படுகிறது.

தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. தாய்ப்பாலில் பால்சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாயிருக்கும் திடப்பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளிலான சிறு சர்க்கரைக் கோவைகள். சீம்பாலில் அவை இன்னும் செறிவு. விந்தை என்னவெனில், குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது! குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு அவை உணவாகின்றன. பல நோய்க்கிருமிகளுக்குப் பொய்ப்பிடியாகி அவற்றை ஏமாற்றி வெளியேற்றுகின்றன. ஆனால் எல்லாக் கிருமியும் ஏமாறுவதில்லை. வேலூர்த் தாய்மாரின் பாலை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, மேற்சொன்ன சிசு வைரசை இக்கோவைகள் ஏமாற்றவில்லை; சில கோவைகள் அதற்கு உதவியாகவே இருந்தன. அதே கோவைகள் சொட்டு மருந்திலுள்ள வைரசுக்கும் உதவுகின்றன என்பதும் தெரிந்தது. மருந்து வேலை செய்ய அது நல்லதே. சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் தாய்ப்பாலைச் சிறிது நேரம் நிறுத்தினால் நன்மை உண்டா என்று தில்லியில் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு நன்மையும் இல்லை. ஆகவே அன்றும் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

இத்துணை நுட்பமான சர்க்கரையைத் தாய் வைத்திருக்க, நம் வீடுகளில் முதலில் சிசுவின் நாவில் வைப்பது எது? சேனை! சீனித் தண்ணீரோ தேனோ விரலில் தொட்டு வைக்கிறோம். மஞ்சளாயிருக்கிறதென்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய பாட்டிமாரை நானே கண்டிருக்கிறேன். குடும்பத்தில் நற்குணமுள்ள பெரியவர் ஒருவர் கையால் தொட்டு வைத்தால் அக்குணம் பிள்ளைக்கு வருமென்னும் அன்பான எண்ணமே அவ்வழக்கத்தின் பின்னணி. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் கழுவாத விரலும் கொதிக்காத நீரும் எதைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லத்தானே வேண்டும்? தேனிலோ சில வேளைகளில் சிசுவின் நரம்புகளை முடக்கும் கிருமியின் வித்து இருக்கக்கூடும். ஓராண்டு நிறையும்வரை தேன் கூடவே கூடாது என்பது மருத்துவர்களின் கண்டிப்பான சொல். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால்; ஆறு மாதம்வரை அது மட்டுமே; தண்ணீர்கூட வேண்டியதில்லை.

லாரி ஓட்டுநரின் மூத்த பிள்ளைக்கு அந்த ஆண்டே திருமுழுக்கு நடந்தது. தாயின் கையிலிருந்த பிள்ளையைத் தந்தை வாங்கிக்கொண்டு நீரருகே வந்தார். அவர்களுக்கு அண்மையில் இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சேனைக் கிண்ணத்தோடு வந்த உறவினர்களை, அன்று தூணோரம் நின்ற அதே பாட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். செவிலியர் குழந்தையின் அட்டையில் இரத்த வகையை எழுதப் பேனாவை எடுத்தபோது, "அம்மா, அதை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், மூன்று வயதில் வந்து மை போட்டுக்கொள்கிறோம்" என்றாராம் தந்தை. அருகில் படுத்திருந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள் என்று பாட்டி வந்து சொன்னார்.